தெரியாமல் கொடுத்த செடி

திங்கட்கிழமை காலையில் சாவிக்காரருக்கு இடது கண் மக்கர் செய்தது. வைஸ் இடுக்கியில் இறுக்கி வைத்த சாவியின் மேல் அரத்தோடு குனிந்தால், பல் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஏதோ கலங்கித் தெரிந்தது. வலது கண்ணை மூடிப் பார்த்தார். கடை, தெரு, எதிர்ப்பக்கத்து ஜெராக்ஸ் கடை எல்லாமே தண்ணீருக்குள் இருந்தன. சுவரில் தொங்கிய சின்னக் கண்ணாடியை எடுத்து முகத்தைப் பார்த்தார். வலது கண்ணின் பாப்பா மிளகளவு இருந்தது. இடது கண்ணில் அது சட்டைப் பொத்தான் அளவுக்கு விரிந்து, கண்ணே கறுப்பாகிக் கிடந்தது.

அறுபத்து மூன்று வயது. மனைவி போய் ஒன்பது வருஷம். கண்ணில் சொட்டு மருந்து விடக்கூட வீட்டில் ஆள் கிடையாது. இந்த லட்சணத்தில் கண்ணும் போனால் அவ்வளவுதான், சங்கதி முடிந்தது என்று நினைத்துக்கொண்டே ஷட்டரை இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

கண் டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"தலையில அடி கிடி பட்டுச்சாங்க ஐயா?"

"இல்லம்மா."

"கை கால் மரத்துப் போகுதா? பேச்சு குளறுதா?"

"பேச்சா? பேசறதுக்கு ஆள் கெடைச்சாத்தானே குளறுதா இல்லையான்னு தெரியும்?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. முந்தின நாள் என்னென்ன செய்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை, கடை லீவு, துணி துவைத்தேன், வாசலில் இருக்கிற செடியைக் கழித்துவிட்டேன் என்று இவர் ஒப்பித்தார்.

"என்ன செடி?"

"பேரு தெரியாதும்மா. நானா வெச்ச பேரு தொங்கட்டான். ஆள் உசரம் வளரும். காதுல போடற தொங்கட்டான் மாதிரி நீளமா, தலைகீழாப் பூத் தொங்கும். சாயங்காலம் ஆனா தெருவே மணக்கும்."

அவள் செல்போனில் எதையோ தேடி ஒரு படத்தைக் காட்டினாள். "இதுவா?"

"அட, இதேதான்! எங்க வாசல்ல எடுத்த மாதிரியே இருக்கே!"

"ஊமத்தைக்கு ஒண்ணு விட்ட அண்ணன்னு வெச்சுக்கங்க. பூ, இலை, தண்டு, விதை, வேர், அத்தனையும் விஷம். சாறு பட்ட கையால கண்ணைத் தேய்ச்சிருக்கீங்க, அதான் இந்தக் கூத்து. நாலஞ்சு நாள்ல கண்ணு தானா சரியாயிடும். ஆனா வாயில போச்சுன்னா நாக்கு வறண்டு, பெரியவங்களுக்கே புத்தி பேதலிச்சுடும். இல்லாத ஆளெல்லாம் எதிர்ல நிக்கற மாதிரி தெரியும், நெஞ்சு தாறுமாறா அடிக்கும். சின்னப் பசங்கன்னா உயிருக்கே ஆபத்து. வீட்ல குழந்தைங்க இருக்காங்களா?"

"என் வீட்ல யாரும் இல்லம்மா" என்றார் சாவிக்காரர். சொல்லி முடிப்பதற்குள் நாக்கு உலர்ந்துவிட்டது. அது செடியின் வேலை இல்லை, பயம்.

காரணம் இருக்கிறது. சாவிக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. புது வீட்டுக்குக் குடி போகிறவர்கள் மாற்றுச் சாவி செய்ய வந்தால், சும்மா அனுப்ப மாட்டார். செடியைக் கழிக்கும்போது சேர்த்து வைத்த குச்சி ஒன்றை எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, சாவியோடு கொடுப்பார். "புது வீடு, வாசல்ல ஒரு செடி இருக்கட்டும். நட்டா போதும், அதுவா வந்துடும்." பெரிய தர்மப் பிரபு என்று நினைத்துவிடாதீர்கள். செடியை எப்படி நடுவது, எவ்வளவு தண்ணீர் விடுவது என்று சொல்கிற சாக்கில் அவர்கள் இன்னும் இரண்டு நிமிஷம் நிற்பார்கள். சில பேர் ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் போகும்போது, "துளிர் விட்டுடுச்சுங்க!" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக மனுஷன் வாரக்கணக்கில் காத்துக்கிடப்பார். ஊரில் பாதிக் கதவுகளுக்குச் சாவி செய்தவர், ஒரு வீட்டிலும் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. செடியாவது உள்ளே போகட்டுமே என்று இருந்துவிட்டார்.

இப்படிப் பத்து வருஷம். எத்தனை குச்சி போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நகராட்சி ஆபீஸுக்குப் போனார். தோட்டப் பிரிவு என்று போர்டு மாட்டிய அறையில் ஒரு அம்மாள் ரிஜிஸ்டரில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். இவர் விஷயத்தைச் சொல்லி, இப்படி ஒரு செடியை வளர்ப்பது சட்டப்படி தப்பா என்று கேட்டார்.

"தப்பெல்லாம் இல்லைங்க. தடை செஞ்ச செடி லிஸ்ட்ல இது இல்ல. நர்சரியிலயே விக்கறாங்க."

"விஷம்மா!"

"விஷம்னா? வீட்டுக்கு வீடு அரளி இருக்கு, யாராவது பிடுங்கச் சொன்னாங்களா? அழகுக்கு வெச்சுக்கலாம். காம்பவுண்டுக்குள்ள வெச்சுக்கங்க, பசங்க கைக்கு எட்டாம பாத்துக்கங்க, வெட்டினா எரிக்காதீங்க, ஆடு மாடு வாய் வைக்கற இடத்துல போடாதீங்க. அவ்வளவுதான்."

"நான் ஊருக்கெல்லாம் குடுத்திருக்கேனே?"

அப்போதுதான் அவள் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "தெரிஞ்சு குடுத்தீங்களா, தெரியாம குடுத்தீங்களா?"

"சத்தியமா தெரியாதும்மா."

"அப்போ சரி. இனிமே தெரியும். இனிமே சொல்லாம இருந்து யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா, அப்போ அது வேற."

சாவிக்காரருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. சட்டம் என்று ஒன்று இருந்தால் அரசாங்கமே ஆள் விட்டு, வண்டி விட்டு, வீடு வீடாகப் போய்ப் பிடுங்கிவிடும், தன் தலை தப்பிக்கும் என்று நம்பி வந்திருந்தார். இப்போது எல்லாம் தன் தலையிலேயே விடிந்தது. மாற்றுச் சாவிக்கு வந்தவர்களின் முகவரி அவரிடம் கிடையாது. அவர்களுக்காகக் கடையில் ஒரு அட்டை எழுதி மாட்டலாம். நேரில் போய்ப் பூட்டு மாட்டி, கூடவே குச்சியும் கொடுத்த வீடுகள் மட்டும் நினைவிருந்தன. மனதுக்குள் எண்ணினார். ஒன்பது வீடு. பத்தாவதாக ஒன்று இருந்தது. அதை எண்ணாமல் விட்டுவிட முடியுமா என்று பார்த்தார், முடியவில்லை.

பத்தாவது, மகள் வீடு.

பஸ்ஸில் மூன்று மணி நேரம். மகள் தனக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டபோது இவர் வாசலில் நின்று ஆட்டம் ஆடி, வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் பேசி, உறவை அறுத்துவிட்டிருந்தார். மூன்று வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. குழந்தை பிறந்திருக்கிறது என்று மைத்துனி போனில் சொன்னதும் வீறாப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. இருக்கிறதிலேயே நன்றாக வேர் பிடித்த தொங்கட்டானைத் தொட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். மூன்று மாசக் குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கியது. ஒரு மணி நேரம் இருந்தார், காபி குடித்தார், மருமகன் ஆபீஸிலிருந்து வருவதற்கு முன்னால் கிளம்பிவிட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று திரும்பி வந்தார். மறுநாளிலிருந்து மகள் போனை எடுக்கவில்லை. இரண்டேகால் வருஷமாக எடுக்கவில்லை. பழைய கோபம் திரும்பிவிட்டது போலிருக்கிறது என்று இவர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கிடந்தார்.

இப்போது குழந்தைக்கு இரண்டரை வயது. கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகிற வயசு.

நியாயமாகப் பார்த்தால் அந்த நிமிஷமே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியிருக்க வேண்டாமா? மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? போன் போட்டார். மணி அடித்து நின்றது. மறுபடி போட்டார். நாளைக்கு எடுப்பாள் என்று சொல்லிக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற ஒன்பது வீட்டை முதலில் முடித்துவிடலாம் என்று கிளம்பினார். எனக்கு அவர் மேல் வருகிற ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மகள் முகத்தைப் பார்க்கப் பயம், அவ்வளவுதான்! அதற்கு ஊரைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு பெயர்.

செவ்வாய்க்கிழமை நான்கு வீடு. தையல் டீச்சர் வீட்டில், "அதுவா? வாசனை தலைவலின்னு அன்னிக்கே தூக்கிப் போட்டாச்சே. ஆமா, நீங்க யாரு?" என்றாள். பூட்டை மாட்டியவர் என்று சொன்ன பிறகும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அடுத்த வீட்டில் ஆளே மாறியிருந்தார்கள். மூன்றாவது வீட்டில் கதவைத் திறக்காமலே, "எதுவும் வேணாம், போங்க" என்றார்கள். எதையோ விற்க வந்தவன் என்று நினைத்துவிட்டார்கள். நான்காவது வீட்டில் குச்சி முளைக்கவே இல்லை. துளிர் விட்டுவிட்டது என்று கடைக்கு வந்து சொன்ன மனுஷன்தான் அவர். "உங்க மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு சொன்னேன் சார்" என்று தலையைச் சொறிந்தார்.

புதன்கிழமை ஒரு வீட்டில் செடி கூரை உயரத்துக்கு வளர்ந்து, பூ பூவாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு மூன்று சக்கர சைக்கிள். வீட்டுக்காரி விஷயத்தைக் கேட்டதும் பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு வந்து கத்தினாள்.

"எத்தனை வருஷம் ஆச்சு! இப்ப வந்து சொல்றீங்களே, நல்லா இருக்கா உங்களுக்கு?"

அவர் கையுறை மாட்டிக்கொண்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வெட்டி, வேரோடு தோண்டி, கொல்லையில் ஆழமாகக் குழி எடுத்துப் புதைத்துவிட்டு, வெளிக் குழாயில் மூன்று தடவை கை கழுவினார். அன்று சாயங்காலம் தன் வாசல் செடிக்கும் அதே கதிதான். வெட்டும்போது அழுதார். கண்ணைத் துடைக்கக்கூடாது என்று கன்னத்தில் வழிய விட்டுவிட்டார். பத்து வருஷம் சாயங்காலமானால் துணைக்கு அது இருந்தது, இப்போது அதுவும் இல்லை.

வியாழக்கிழமை கடைசி வீடு, கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவருடையது. இவர் சொல்லச் சொல்ல அவர் சாவகாசமாக நாற்காலியில் சாய்ந்து கேட்டார்.

"தெரியுமே! நான் போகாத துறைமுகமா? பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் சார் வெச்சிருக்கீங்க?"

"ஏன், வெச்சிருந்தா என்ன? கொழந்தை குட்டி இல்லாத வீடு. நாய் பூனை கிடையாது. செவுத்துக்கு உள்ள இருக்கு. அழகா இருக்கு, வெச்சிருக்கேன். ஆனா ஒண்ணு, நீங்க தெரிஞ்சேதான் குடுத்தீங்கன்னு நெனச்சேன். பூட்டு மாட்டற ஆளு, திருடனுக்குச் சேத்து ஒரு ஏற்பாடு பண்ணிட்டுப் போறார்னு நெனச்சுச் சிரிச்சேன்." சொல்லிவிட்டு இப்போதும் சிரித்தார்.

சாவிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. தெரிஞ்சேதான் குடுத்தீங்கன்னு நெனச்சேன். ஒருவர் இப்படி நினைக்கலாம் என்பது இந்த நான்கு நாளில் அவர் புத்திக்கு எட்டவே இல்லை. கடைக்கு வந்து, ஜெராக்ஸ் கடைப் பெண்ணிடம் அவள் போனைக் கேட்டு வாங்கி மகளுக்குப் போட்டார். புது நம்பர் என்பதால் எடுத்தாள்.

"ஹலோ, யாரு?"

இரண்டேகால் வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல். "அம்மாடி, அப்பா பேசறேம்மா. அந்தச் செடி..."

செடி என்ற வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம், இணைப்பு அறுந்துவிட்டது. அப்பா என்றதற்கு அறுக்கவில்லை. செடி என்றதற்கு அறுத்தாள். சாவிக்காரர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் கடை ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். இரண்டேகால் வருஷமாகத் தன்னைப் பற்றி மகள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

வெள்ளிக்கிழமை முதல் பஸ். இறங்கின இடத்தில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். மகள் வீட்டு வாசலில் இரும்பு கிரில் கேட் உள்பக்கம் தாழிட்டிருந்தது. வாசலில் தொட்டிகள் இருந்தன. துளசி, ரோஜா, கற்றாழை. அவர் தேடினது இல்லை.

மகள் ஈரக் கையோடு வந்தாள். அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பின்னால் அவள் துணியைப் பிடித்துக்கொண்டு குழந்தை எட்டிப் பார்த்தது. முழுசாக, கன்னம் உப்பலாக, மூக்கு ஒழுகிக்கொண்டு நன்றாக இருந்தது. சாவிக்காரர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அது விஷச் செடிம்மா. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"தெரியும்."

"எப்போ?"

"நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கே. அவர் வேலை தோட்டக்கலை ஆபீஸ்லதானே? வாசல்ல வரும்போதே பாத்துட்டார். யார் கொண்டு வந்தாங்கன்னு கேட்டார். எங்கப்பான்னேன். அப்படியே தூக்கிட்டுப் போய்ப் புதைச்சுட்டு வந்தார். அதுக்கு அப்புறம்தான் என்னன்னு எனக்குச் சொன்னார்."

"எனக்குத் தெரியாதும்மா."

"பல வருஷமா வளக்கறீங்க."

"அத்தனை வருஷமும் தெரியாது. போன ஞாயித்துக்கிழமை கண்ணுல பட்டு, பாப்பா இவ்வளவு பெருசாயிடுச்சு. டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும். இங்க பாரு."

அவள் கிரிலுக்கு அருகே வந்து குனிந்து பார்த்தாள். "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

"திங்கக்கிழமை பெருசா இருந்துது."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

திங்கட்கிழமையே பஸ் ஏறியிருந்தால் கண்ணே இவருக்காகச் சாட்சி சொல்லியிருக்கும். ஊர்க் கதவையெல்லாம் தட்டிவிட்டு, இருந்த ஒரே ஆதாரத்தையும் ஆறவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"கல்யாணத்தன்னிக்கு என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்காப்பா?" என்று மகள் கேட்டாள். குரல் ஏறவில்லை. "உன் வம்சமே விளங்காதுன்னீங்க. மண்ணை வாரித் தூத்தாத குறை. அப்புறம் மூணு வருஷம் கழிச்சு, என் புள்ளைய முதல் தடவையாப் பாக்க வர்றீங்க. கையில அதைக் கொண்டு வர்றீங்க. நான் என்னன்னு நெனைப்பேன்?"

சாவிக்காரர் அழுதார். வயசுக்கு ஏற்ற மாதிரி அழவில்லை, அடி வாங்கின பையன் மாதிரி தேம்பினார். கோபத்தில் சொன்னேன், புத்தி கெட்டுச் சொன்னேன், அம்மா இல்லாத பொண்ணு கைவிட்டுப் போகிறாளே என்று சொன்னேன் என்று ஏதேதோ உளறினார்.

"சரிப்பா, நம்பறேன்" என்றாள் கடைசியில். "இத்தனை தூரம் இதைச் சொல்ல வந்திருக்கீங்க, நம்பறேன். ஆனா, எங்கப்பா அப்படிச் செய்ய மாட்டார்னு அன்னிக்கு ஒரு நிமிஷம்கூட எனக்குத் தோணலையே. அதை நான் எங்க போய்ச் சொல்றது?"

கொடுத்தபோது தெரியாது என்பதை எப்படியோ நிரூபித்துவிடலாம். தான் அப்படிச் செய்யக்கூடியவன் இல்லை என்பதை எதை வைத்து நிரூபிப்பது?

அவள் உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். கம்பிக்கு நடுவே செம்பு நுழையவில்லை. ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தாழ்ப்பாளை இழுத்தாள். அவர் தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை வாசலை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"யாரும்மா இது?" என்றது குழந்தை.

"எங்கப்பா" என்றாள் மகள். உன் தாத்தா என்று சொல்லவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

குழந்தை அவள் காலைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது. சாவிக்காரருக்கு அப்போதுதான் பையில் இருந்தது நினைவுக்கு வந்தது. பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டினார். குழந்தை கையை நீட்டியது. அதற்குள் மகளின் கை பாய்ந்து வந்து, குழந்தையின் கையைப் பின்னால் இழுத்துவிட்டது. கடையில் வாங்கின பிஸ்கட், ஒட்டுப் பிரிக்காத பாக்கெட். இழுத்த பிறகு மகளே திகைத்துப் போய்த் தன் கையைப் பார்த்தாள். குழந்தை என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் விசும்ப ஆரம்பித்தது.

சாவிக்காரர் பாக்கெட்டைத் திரும்பவும் பைக்குள் வைத்துக்கொண்டார். எழுந்தார்.

"நாலு மணிக்கு ஒரு பஸ் இருக்கு" என்றாள் மகள்.

"அதுலயே போயிடறேன்."

அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அதன் மூக்கைத் துடைத்துவிட்டாள். அவர் இரண்டு படி இறங்கிய பிறகுதான் பேசினாள்.

"அடுத்த வாட்டி வரும்போது கையில எதுவும் கொண்டு வராதீங்கப்பா."

"சரிம்மா" என்றார் சாவிக்காரர். பிஸ்கட்டைப் பையின் அடியில் தள்ளிவிட்டு, அவளுக்குத் தெரியும்படி இரண்டு கையையும் வெளியே எடுத்தார்.